செலிமோ தரப்பு

1992 ஆகஸ்ட் 3 அன்று இரவு, பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்கள் 10,000 மீட்டர் ஓட்டம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே, முதலாவதாக வந்த மொராக்கோவின் காலித் ஸ்கா தகுதிநீக்கம் செய்யப்பட்டார். கென்யாவின் ரிச்சர்ட் செலிமோவுக்குத்தான் தங்கம் என்று அறிவித்தார்கள். மொராக்கோ மேல்முறையீடு செய்தது. மறுநாளே அந்த முடிவு தலைகீழானது. ஜூனியர் வக்கீலாக இருந்த காலத்தில் தொலைக்காட்சியில் பார்த்த ஓட்டம் அது. நானே நடத்திய எத்தனையோ வழக்குகளின் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை, இது மட்டும் மறக்கவில்லை. ஸ்காவுக்குத் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தது விதிப்படி சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் செலிமோவுக்கு அன்று நியாயம் கிடைத்ததாக என்னால் சொல்ல முடியாது.

நடந்தது இதுதான். மொத்தம் 25 சுற்று. செலிமோவும் ஸ்காவும் மற்ற எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டுத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய மூன்று சுற்று மீதமிருக்கும்போது, ஒரு முழுச் சுற்று பின்தங்கியிருந்த ஹம்மூ பூத்தாயிப்பை எட்டிப்பிடித்தார்கள். அவர் ஸ்காவின் நாட்டுக்காரர். ஒதுங்கி வழிவிடாமல் இவர்களோடு சேர்ந்து ஓடத் தொடங்கினார். செலிமோவுக்கு முன்னால் போய்த் தன் வேகத்தைக் குறைத்தார். அரங்கம் முழுவதும் சீழ்க்கையும் கூச்சலும். சுவீடனைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் தடத்துக்குள்ளேயே இறங்கி அவரைத் தடுத்து நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. கடைசி நேர்த்தடத்தில் ஸ்கா பாய்ந்து முந்தினார். அவருடைய நேரம் 27 நிமிடம் 46.70 விநாடி, செலிமோவுடையது 27 நிமிடம் 47.72 விநாடி.

ஒரு சுற்று பின்தங்குவது குற்றமில்லை. பின்தங்கியவருக்கும் கடைசிவரை ஓடும் உரிமை உண்டு. ஆனால் அப்படிப் பின்தங்கியவர் முன்னணியில் ஓடும் ஒருவருக்கு வேகம் அமைத்துக் கொடுத்தால், விதிப்புத்தகம் அதை வெளியார் உதவியாகவே பார்க்கிறது. தனக்கென்று வெல்ல எதுவும் மிச்சமில்லாதவர் அடுத்தவரின் வெற்றியைத் தீர்மானிக்கக்கூடாது என்பதுதான் அதன் உட்பொருள். ஆகவே பூத்தாயிப் தவறு செய்தாரா என்பதில் சர்ச்சைக்கே இடமில்லை. அந்தத் தவறுக்கு ஸ்கா எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்பதுதான் வழக்கு.

அண்ணன் இரவோடு இரவாகப் பக்கத்து வயலின் மடையை உடைத்துவிடுகிறான், தண்ணீர் தம்பி வயலில் பாய்கிறது. தம்பிக்கு லாபம்தான், ஆனாலும் லாபம் வந்ததாலேயே அவன் சொல்லித்தான் மடை உடைந்தது என்று எந்த நீதிமன்றமும் முடிவுகட்டாது. ஸ்கா கேட்டுக்கொண்டார், முன்கூட்டியே பேசிவைத்தார் என்பதற்கு ஓட்டத்தில் கண்ணால் கண்ட சாட்சியம் எதுவும் இல்லை. ஒரே கொடியின் கீழ் ஓடினார்கள் என்பது சந்தேகத்தை எழுப்புமே தவிர ஆதாரமாகிவிடாது. அந்த மேல்முறையீட்டுக் குழுவில் நான் உட்கார்ந்திருந்தாலும் சந்தேகத்தின் பலனை ஸ்காவுக்கே கொடுத்திருப்பேன்.

ஆனால் அந்த விசாரணை முழுக்க ஸ்காவைப் பற்றியது. செலிமோ என்ன இழந்தார் என்ற கேள்விக்கு விதிப்புத்தகத்தில் இடமே இல்லை. பூத்தாயிப்பைத் தகுதிநீக்கம் செய்தார்கள், சரி. ஒரு சுற்று பின்னால் ஓடியவருக்கு அதனால் போனது என்ன? இழக்க ஒன்றும் இல்லாதவர் மேல் தண்டனை விழுந்தது, எல்லாவற்றையும் இழந்தவருக்கு ஈடு எதுவும் இல்லை. ஸ்கா எப்படியும் கடைசி ஓட்டத்தில் வேகமானவர், இடையூறு இல்லாவிட்டாலும் அவர்தான் வென்றிருப்பார் என்று வாதிடலாம், வாதிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோ உலகப் போட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே செலிமோ இரண்டாவது, ஸ்கா மூன்றாவது. நடுவிலேயே வேகத்தைக் கூட்டி, கடைசிப் பாய்ச்சலுக்கு மற்றவர் காலில் தெம்பு இல்லாமல் செய்வதுதான் செலிமோவின் ஆயுதம். முன்னால் ஒருவர் வந்து வேகத்தை உடைத்தால் மழுங்குவது அந்த ஆயுதம்தான். ஸ்காவின் பாய்ச்சலுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

மேல்முறையீட்டுக் குழுவின் முடிவுக்கு மேல் போக அன்று செலிமோவுக்கு இடமும் இல்லை. விளையாட்டு நடுவர் மன்றம் ஒலிம்பிக் நடக்கும் ஊரிலேயே வந்து உட்காரும் ஏற்பாடு 1996 அட்லாண்டாவில்தான் தொடங்கியது. இன்றும்கூட, கெட்ட எண்ணம் நிரூபிக்கப்பட்டாலொழிய, மைதானத்தில் நடுவர் எடுத்த முடிவை அந்த மன்றம் தொடாது.

பதக்கம் கொடுக்கும்போது அரங்கம் ஸ்காவைக் கேலிக்கூச்சலிட்டது, செலிமோவுக்குக் கைதட்டியது. குழு விடுவித்தவரைக் கூட்டம் விடுவிக்கவில்லை, அதுவும் அநீதிதான். செலிமோவுக்கு அப்போது வயது 20. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் 27 நிமிடம் 7.91 விநாடியில் உலக சாதனை படைத்தார். ஐந்தே நாளில் அவர் நாட்டுக்காரரான யோபஸ் ஓன்டியெகி அதை முறியடித்தார். 2001இல் மூளைக்கட்டியால் இறந்தபோது செலிமோவுக்கு 29 வயது. ஒலிம்பிக் தங்கம் கடைசிவரை அவருக்கு வாய்க்கவில்லை.

இதே பார்சிலோனாவில் இன்னொரு வழக்கும் நடந்தது. ஒத்திசைவு நீச்சலில் கனடாவின் சில்வி ஃப்ரெஷெட்டுக்கு 9.7 கொடுக்க நினைத்த நடுவர் 8.7 என்று பதிந்துவிட்டார். மதிப்பெண்ணைத் திருத்த மறுத்தார்கள், முறையீடும் தள்ளுபடியானது. ஆனால் 1993இல் அவருக்கும் தங்கம் கொடுத்தார்கள். ஏற்கெனவே வென்ற அமெரிக்காவின் கிறிஸ்டன் பாப்-ஸ்ப்ரேக்கின் தங்கத்தையும் பறிக்கவில்லை. செலிமோ தரப்பு என்னிடம் வந்திருந்தால், ஸ்காவின் பதக்கத்தைப் பறிக்கச் சொல்லி நான் மனு எழுதியிருக்க மாட்டேன். இந்த முன்னுதாரணத்தைக் காட்டி இரண்டாவது தங்கம் ஒன்றைத்தான் கேட்டிருப்பேன். அங்கே தவறு நடுவருடையது, இங்கே சக ஓட்டக்காரருடையது என்று எதிர்த்தரப்பு எழுந்து சொல்லும். பின்தங்கியவர் முன்னணியில் ஓடுபவரின் வழியை மறிக்காமல் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை என்று கேட்பேன். நடப்பது தவறு என்று அதிகாரிகளுக்கு ஓட்டம் முடிவதற்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் அவர்களில் ஒருவர் தடத்தில் இறங்கினார். தெரிந்தும் தடுக்க முடியாமல் போனது போட்டியை நடத்தியவர்களின் தவறு. அதற்கான விலையை 20 வயதுப் பையன் தலையில் கட்டியது முறையல்ல.