வெயில் எட்டாத அறையில் ஒரு பசுமை

வெளியூரில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் முறுக்கும் தவறாது அனுப்புகிறோம். அவர்கள் நாள்தோறும் கண்விழிக்கும் அறை எத்தகையது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

என் அக்காள் மகன் ஆட்சிப்பணித் தேர்வுக்குப் பயில்வதற்காகத் தில்லியில், பழைய இராஜேந்திர நகரில் தங்கியிருக்கிறான். ஓர் அறை, மூன்று கட்டில்கள். உடன் உறைவோருள் ஒருவன் பீகாரி, மற்றவன் மலையாளி. இருக்கும் ஒரே சன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறது. பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் படிக்கவேண்டும். "உறங்குவதற்கன்றி அங்கே போகவே மனமில்லை, மாமா" என்று அவன் சொன்னது என் நெஞ்சைத் தைத்தது.

ஊரிலிருந்து அவன் கொண்டுவந்த துளசிக் கன்று வெயில் முகம் காணாமல் வெளிறி, மார்கழிக் குளிரில் பட்டுப்போயிற்று. செடி தன் உணவைச் சமைத்துக்கொள்ள ஒளி வேண்டுமல்லவா? மேலும், விடுமுறைக்கு மூவரும் ஊர் சென்றுவிட்டால் நீர் வார்ப்பாரும் இல்லை. மழைக்காலத்திலோ, தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிட்டு, ஏறத்தாழப் பத்து நாட்களில் பறக்கத் தொடங்கிவிடும்.

ஆதலின் உலர்த்திய செடிகளையும் செயற்கைச் செடிகளையும் வைக்கலாம் என்றேன். அக்காளுக்கு அது பிடிக்கவில்லை. "உயிரில்லாததைப் பிள்ளை இருக்கும் இடத்தில் வைக்கலாமா, தம்பி? செடி என்றால் காற்றையாவது தூய்மையாக்கும்" என்றாள்.

காற்றைப் பற்றிய நம்பிக்கை பலருக்கும் உண்டு. மூடிய சிறு கூண்டில் செடிகள் சில நச்சு ஆவிகளைக் குறைப்பதாக 1989இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கண்டது மெய்யே. ஆயினும், குடியிருக்கும் அறையில் சன்னலைத் திறந்துவைப்பதற்கு நிகரான பயனைப் பெறச் சதுர மீட்டருக்குப் பத்துச் செடிகளேனும் வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான மறு ஆய்வு ஒன்று காட்டிற்று. மூன்று கட்டில் போட்ட அறையில் அதற்கு இடமேது?

உயிரில்லாதது என்ற குறைக்கு, மாட்டுப் பொங்கலன்று கட்டும் நெட்டி மாலையை அவளுக்கு நினைவூட்டினேன். நீர்நிலையில் வளரும் நெட்டியின் தக்கையைச் சீவிச் சாயமேற்றிக் கோத்த மாலை அது. மணமில்லை, உயிருமில்லை. எனினும் அதை மங்கலமற்றது என்று எவரும் ஒதுக்கியதில்லை. வங்காளிகள் மணமகனின் மகுடத்தையே அத்தகைய தக்கையால் செய்கின்றனர். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020இல் புவிசார் குறியீடும் பெற்றது. அக்காள் சற்றுநேரம் பேசாதிருந்து, "அப்படியானால் நெட்டி மாலை ஒன்று நானே அனுப்புகிறேன்" என்றாள்.

பிறகு நடந்தது நான் எதிர்பாராதது. பீகாரி இளைஞன் தன் ஊரான மிதிலைப் பகுதியின் சிக்கிப் புல்லால் முடைந்த கூடை ஒன்றைக் கொணர்ந்தான். மலையாளி வெட்டிவேர் விசிறி கொணர்ந்தான். மூவருமாக யமுனைக் கரைக்குச் சென்று, நாணற்கதிர்களை அறுத்துவந்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி அக்கூடையில் நிறுத்தினர். பசுமைக்கென்று செயற்கைக் கொடி ஒன்றைச் சன்னற் கம்பியில் நூலால் கட்டினர். சுவரில் ஆணியடிக்க வீட்டுக்காரர் இசையார். அதுவரை தத்தம் கட்டிலில் தனித்தனியே முகம் திருப்பியிருந்தவர்கள், இப்போது ஒருங்கே அமர்ந்து தேநீர் அருந்துகின்றனராம்.

இலைகளைப் பதப்படுத்த விரும்புவோர், ஒரு பங்கு கிளிசரினை இரு பங்கு வெந்நீரில் கலந்து, முற்றிய இலைக்காம்புகளை அதில் நிறுத்தலாம். இரண்டு மூன்று வாரங்களில் இலை அதனை உறிஞ்சி, நொறுங்காமல் மென்மையாக நிற்கும், நிறம் பழுப்பாகும். உலர்ந்தவை எளிதில் தீப்பற்றுமாதலின் அடுப்புக்கும் கணப்புக்கும் அருகில் வைத்தல் ஆகாது. தூசியை வாரந்தோறும் துடைக்கவேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை படர்ந்தால் எறிந்துவிடவேண்டும். பிளாஸ்டிக் செடி மக்காதது. ஒன்றே வாங்கிப் பல்லாண்டு காத்து, அறையைக் காலி செய்கையில் அடுத்து வரும் மாணவனுக்கு விட்டுச்செல்வது நன்று.

அன்பர்களே, அடுத்த முறை பிள்ளையின் அறைக்குச் செல்லும்போது முதலில் சன்னலைப் பாருங்கள். வெயில் வருமாயின் உயிர்ச்செடி வையுங்கள். வாராதாயின் உலர்ந்த கதிர் நான்கு கொண்டு செல்லுங்கள். உடன் உறையும் பிள்ளைகளின் ஊரில் என்ன விளைகிறது என்றும் மறவாமல் கேளுங்கள்.