தண்ணீர் என்று எழுதினேன்

எங்கள் ஊராட்சியில் இனிமேல் புதுக் குடியிருப்பே கூடாது என்று கிராம சபைக்குத் தீர்மானம் எழுதிக் கொடுத்தவன் நான். காரணம் என்ற இடத்தில் தண்ணீர் என்று எழுதினேன். பெருந்துறைப் பக்கம் குடியிருக்கிறவன் தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்லத் தேவையே இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணறுகள் என்ன ஆயின என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2015ல் கொக்கோ கோலா ஆலை வேண்டாம் என்று ஊரே கிளம்பியதும், ஒதுக்கிய இடம் ரத்தானதும் மறக்கக்கூடியதா? ஆனால் நான் பேனாவை எடுத்தது தண்ணீருக்காக இல்லை.

எங்கள் வீதிக்குப் பின்னால் ஒரு கடலைக்காடு. காட்டுக்காரர் அதில் லைன் வீடு போடப் போகிறார், மிச்சத்தை சைட் பிரிக்கப் போகிறார் என்று டீக்கடையில் பேச்சு அடிபட்டது. வரிசையாக ஒற்றை அறைகள், மேலே சிமென்ட் ஷீட், கடைசியில் பொதுக் கக்கூஸ். சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் ஒடிசா, பீகார் பையன்களுக்கு வாடகைக்கு விடுவார். கேட்டதும் என் மனசில் முதலில் ஓடியது, இந்திக்காரப் பசங்க வந்துவிட்டால் நம் இடம் சென்ட் என்ன விலைக்குப் போகும் என்பதுதான். அடுத்து, வீட்டில் வயசுக்கு வந்த பேத்தி இருக்கிறாளே என்பது. அந்தப் பையன்களில் ஒருவனிடம்கூட நான் அதுவரை பேசியதில்லை. இந்த இரண்டையும் மனுவில் எழுத முடியாது. தண்ணீர் என்றால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

நான் குடியிருக்கிற மனையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கியது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பார்கள். தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால் சைட் விற்றுவிடலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை என்று அன்றைக்கு நான் விசாரிக்கவில்லை. விலை குறைவாக இருந்தது, விசாரிக்க மனம் வரவில்லை. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று உத்தரவு போட்டதும் தூக்கம் போயிற்று. விளைநிலம் கண்டபடி மனையாவதைத் தடுக்கத்தான் அந்த உத்தரவு. அதாவது என் போன்றவனைத் தடுக்க. மறு வருஷம் மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனையென்றால் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். முதல் ஆளாக ஓடிக் கட்டினேன். உத்தரவை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

தப்பாக நுழைந்தவனுக்கு அரசு மன்னிப்புக் கொடுத்தது. அந்தக் கையோடு நான் அடுத்தவன் வருகிற கதவைச் சாத்தக் கிளம்பினேன்.

அக்டோபர் 2 கிராம சபைக்குத் தயாராகவே போனேன். கலிஃபோர்னியாவில் பெட்டலூமா என்ற ஊரின் நகர மன்றம் 1972ல், வருஷத்துக்கு 500 வீட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. கட்டுமானக்காரர்கள் வழக்குப் போட, 1975ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர்ப் பக்கம் நின்றது. இதைச் சொன்னதும் நாலு பேர் தலையாட்டினார்கள். அந்த ஊர் 500 வீட்டை அனுமதித்தது, நான் ஒன்றைக்கூட அனுமதிக்கச் சொல்லவில்லை என்பதை விட்டுவிட்டேன்.

காட்டுக்காரர் எழுந்தார். “ஏனுங்க வாத்தியாரே, நீங்க வூடு கட்டியிருக்கறதும் எங்கப்பாரு உழுத காடுதானுங்களே. அன்னிக்கு யாராச்சும் தண்ணி பத்தாதுன்னாங்களா?” கூட்டம் சிரித்தது. நான் சாலை அகலம், பொது ஒதுக்கீட்டு இடம் பத்து சதவீதம், சாக்கடை என்று விதி பேசி அவரை உட்கார வைத்தேன். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவனுக்கு ஒரு விவசாயியை உட்கார வைப்பது பெரிய காரியமா? யாருக்காக வீடு கட்டுகிறார்களோ அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. அவர்களுக்கு இங்கே ஓட்டும் இல்லை.

கிராம சபைத் தீர்மானத்தால் சட்டப்படி எதுவும் நின்றுவிடாது. ஆனால் அதைக் காட்டி வரைபட அனுமதியை இழுத்தடிக்கலாம். இழுத்தடித்தார்கள். காட்டுக்காரர் சலித்துப்போய் விட்டுவிட்டார்.

பையன்கள் மட்டும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். 2,700 ஏக்கர் சொச்சம் தொழிற்பேட்டை; ஷிப்டுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குப் படுக்க இடம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. எங்கள் பக்கத்துப் பையன்கள் கிடைத்த அறையில் நெருக்கியடித்தார்கள். வாடகை ஏறியது. நான் மாடி எடுத்தேன். இரண்டு அறை, ஒரு கக்கூஸ், கான்ட்ராக்டர் ஒருவருக்கு மொத்தமாக வாடகை. ஒரு அறையில் பகல் ஷிப்டு முடித்தவன் வந்து படுக்கும்போது பாய் சூடாக இருக்கும், இரவு ஷிப்டுக்காரன் அப்போதுதான் எழுந்து போயிருப்பான். லைன் வீட்டில் அவர்களுக்கு இதைவிட இடம் இருந்திருக்கும், வாடகையும் குறைவாக இருந்திருக்கும். பேத்தி அதே வீட்டில்தான் இருக்கிறாள். அந்தப் பயம் அட்வான்ஸ் வாங்கிய அன்றே போய்விட்டது.

தண்ணீர்? 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஒரு குழி எடுத்தேன். கார் வாங்கியதும் ஷெட் போட அதன் மேல் கான்கிரீட் கொட்டிவிட்டேன். போர்வெல்லை மறுபடி ஆழப்படுத்தியிருக்கிறேன்.

வரம்பே வேண்டாம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பவானி ஆற்றை நம்பி இன்னும் எத்தனை குழாய் போட முடியும்? கொடிவேரியிலிருந்து பெருந்துறைக்குக் குடிநீர் எடுக்கும்போது அங்கத்திய விவசாயிகள் எதிர்த்தார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கணக்கைப் போடுகிறவன் தன் வீட்டுக் குழாயையும் சேர்த்துப் போட வேண்டும். நான் போடவில்லை.

போன வாரம் காட்டுக்காரர் எதிரில் வந்தார். “மாடிக்குப் பிளான் வாங்கியாச்சுங்களா?” என்றார். இல்லை. கேட்டுப் போனால், நான் எழுதிக் கொடுத்த தீர்மானத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.