இரண்டு கோடுகளுக்கு நடுவே

பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே வெடிப்பும் பள்ளமுமாகக் கிடக்கும் களிமண் காட்டை நம் மாணவர் பலரும் பார்த்திருப்பர். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மண் அது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அம்மோனைட் துண்டுகள் தலை நீட்டும். அங்கே நடக்க எனக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. என் கையிலிருந்த கார்மின் ஜி.பி.எஸ். கருவியோ அந்த இடத்தை வெற்றுத் திரையாகக் காட்டியது. சரி, நாமே செய்துவிடுவோம் என்று துணிந்தேன்.

முதலில் இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் ஒன்றைக் கணினியில் ஏற்றினேன். கரைமேல் நின்ற என்னைக் கருவி ஏரிக்குள் நிறுத்தியது! பிழை என்னுடையதே. 1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய அளவைக்குப் பின்னர் 1830-இல் எவரெஸ்ட் பெயரால் ஒரு புவியுருவம் வகுக்கப்பட்டது. பழைய தாள்கள் அதன்மேல் அமைந்தவை. செயற்கைக்கோள் கணக்கு வேறு. நம் பகுதியில் இரண்டுக்கும் ஏறத்தாழ இருநூறு மீட்டர் வேறுபாடு. அதைத் திருத்தினேன்.

அடுத்தது உயரம். ஐம்பதாயிரத்தில் ஒன்று அளவுத் தாளில் இருபது மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடுதான். ஆகவே 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாளில் ரேடாரால் அளந்த உயரங்களை எடுத்து, பத்து மீட்டருக்கு ஒரு கோடு வரைந்து, எம்கேஜிமேப் என்னும் இலவச மென்பொருளால் கருவிக்கேற்ற கோப்பாக்கினேன். திரையில் கோடுகள் நெளிந்தபோது ஏதோ இமயத்தையே அளந்துவிட்ட பெருமிதம்!

அன்று மாலை, திரையைப் பார்த்தபடியே நடந்தேன். மென்மையான சரிவு என்றது படம்.

"தம்பி, நில்லுங்க! கீழே பள்ளம்!"

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரின் குரல். என் காலுக்கு ஓரடி முன்னே, இரண்டு ஆள் ஆழத்துக்கு ஓடை அறுத்திருந்தது. முப்பது மீட்டர் சதுரத்துக்கு ஓர் உயரம் என்னும் கணக்கில் அந்த ஓடை கரைந்துபோயிருந்தது. என் கோடுகள் இரண்டுக்கும் நடுவே அது கிடந்தது.

மறுநாள் பெரியவர் முன்னே நடந்தார். பின்னே கருவி எங்கள் தடத்தைப் பதிந்துகொண்டு வந்தது. ஆடு இறங்கும் வழி, மழையில் வழுக்கும் மேடு, தண்ணீர் நிற்கும் குட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். என் கருவிக்குத் தமிழ் எழுத்து வராது; ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டேன். "எழுதிட்டீங்களா?" என்று இடத்துக்கு இடம் கேட்டார்.

பின்னர் அரியலூர்ப் பக்கம் போனபோதும் இதே கதைதான். 2000-க்குப் பின் தோண்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் அந்த உயரக் கணக்கில் எப்படி இருக்கும்? படம் சமவெளி என்ற இடத்தில் எதிரே பெரும்பள்ளம். வெளிச் சாலையோரமாகவே நடந்து அதன் விளிம்பைக் குறித்தேன்.

போன ஐப்பசி மழையில் ஆடு இறங்கும் வழி பாதி சரிந்துவிட்டதாம். பெரியவர் சொல்லியனுப்பினார். பொங்கல் விடுமுறையில் போய்த் திருத்த வேண்டும்.