பெரம்பலூர் ஜாடி, அரியலூர் ஜாடி

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. வந்ததும் வராததுமா ஒரு வெடிகுண்டு கதை.

இங்க கொலம்பஸ்ல வீட்டுலயே பீர் காய்ச்ச ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு. முறைக்காதீங்க. 1978ல கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டப்படி, தனியா இருக்கிறவன் சொந்த உபயோகத்துக்கு வருஷத்துக்கு 100 காலன் வரைக்கும் வரியில்லாம காய்ச்சலாம். விற்கத்தான் கூடாது. நம்ம ஊர்ல 1987ல இருந்து கள்ளுக்கே தடை, அதனால அங்க யாரும் முயற்சி பண்ணி கம்பி எண்ணாதீங்க.

மால்ட்டையும் ஹாப்ஸையும் கொதிக்கவச்சு, ஆறவச்சு, ஈஸ்ட் போட்டு மூடணும். மூடியில காத்து வெளியேற ஒரு குழாய். அவ்ளோதான். ஆனா பொட்டி தட்டுறவன் ஒண்ணோட நிறுத்துவானா? ஒரே கொதியை மூணு ஜாடியா பிரிச்சேன். சும்மா இருந்தது திருச்சி. இஞ்சி போட்டது பெரம்பலூர். கருப்பட்டி போட்டது அரியலூர். 1995ல திருச்சியில இருந்து பெரம்பலூர் பிரிஞ்சது, 2001ல அரியலூர் பிரிஞ்சு, அடுத்த வருஷமே திரும்பச் சேர்ந்து, 2007ல மறுபடி பிரிஞ்சது, எல்லாம் எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். (கரூர்க்காரங்க மன்னிக்கணும், ஜாடி மூணுதான் இருந்துச்சு :-))

இங்கதான் விஷயம். இஞ்சியில பெருசா சர்க்கரை கிடையாது. கருப்பட்டி முழுக்க சர்க்கரை. அடங்கிப்போன ஈஸ்ட் அதைப் பாத்ததும் மறுபடி எழுந்து உக்காந்து சாப்பிடும். அது முடியறதுக்குள்ள பாட்டில்ல அடைச்சா காத்து போக வழியில்லாம பாட்டிலே வெடிக்கும். ஹைட்ரோமீட்டர்ல மூணு நாள் ஒரே எண் வந்தாத்தான் அடைக்கணும்.

பெரம்பலூருக்கு மூணு நாளும் 1.012. சரின்னு குழாய்களைக் கழட்டிக் கழுவி மாட்டினேன். பேரை மூடியில ஒட்டியிருந்தேன். மூடி மாறிப்போச்சு. பேஸ் கறுப்பு பீர், நிறத்துல வித்தியாசம் தெரியாது. சளி பிடிச்சு மூக்கும் வேலை செய்யலை. அரியலூரை பெரம்பலூர்னு நினைச்சு பாட்டில்ல அடைச்சு, அலமாரியில அடுக்கிட்டேன்.

மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டமால்! ஒண்ணு பின்னால ஒண்ணா நாலு பாட்டில். அலமாரிக் கதவுல கண்ணாடிச் சில்லு குத்தி நின்னுச்சு, என் இடுப்பு உயரத்துல. அன்னைக்கு சாயங்காலம் நண்பரோட நாலு வயசுப் பையன் அதே அலமாரிக்குள்ளதான் ஒளிஞ்சு விளையாண்டான். அதுக்கப்புறம் தூக்கமே வரலை.

மறுநாள் அம்மா வீடியோ கால்ல வந்தாங்க. முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாங்க. மறைக்க முடியலை, சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அரியலூர்ல எங்க மாமா குடிச்சே செத்தவரு. தூக்கிட்டு வந்த அன்னைக்கு நான் எட்டாவது படிச்சுட்டிருந்தேன்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லம்மா."

"உங்க மாமாவும் வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சான் தம்பி." கட் பண்ணிட்டாங்க.

ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் அவங்களே கூப்பிட்டாங்க. அம்மா பெரம்பலூர்ல பத்து வருஷமா இட்லி மாவு விக்கிறாங்க. காலை மாவு, சாயங்கால மாவு, தோசை மாவுன்னு ஒரே நேரத்துல ஏழெட்டு தூக்குவாளி பொங்கிட்டிருக்கும். "மூடியில எழுதுவாங்களாடா கூறுகெட்டவனே? மூடி ஊரெல்லாம் சுத்தும். வாளிமேல சாக்பீஸால எழுது, அரைச்ச நேரத்தையும் எழுது."

எட்டு செமஸ்டர் படிச்சு இதுகூட எனக்குத் தோணலை மக்களே.

இப்போ ஒரே ஒரு ஜாடிதான். பேர், தேதி, ரீடிங் எல்லாம் ஜாடிமேலயே மார்க்கர்ல. அலமாரிக்குப் பூட்டு. எப்போ காய்ச்சினாலும் எத்தனை பாட்டில் வந்துச்சு, எத்தனை குடிச்சேன்னு அம்மாகிட்ட சொல்லிடணும். அவங்க போட்ட கண்டிஷன். காலண்டர்ல குறிச்சு வைக்கிறாங்களாம்.

டிஸ்கி: மீதி அரியலூர் பாட்டில்களை துணி சுத்தி, கண்ணாடி மாட்டிக்கிட்டு, கவனமா திறந்து சிங்க்கில் ஊத்திட்டேன். ருசி பாக்கலை. சத்தியமா.