உறையில் எழுதாத பெயர்

2019 மாசி மாதத்துச் சனிக்கிழமை இரவு. ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பத்து மணியளவில் ஊர்ச் சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, எங்கட பக்கத்தைத் திறந்தால் பழைய மாணவர் சங்கத்தின்ர ஒன்றுகூடல் படம் வருது. ஆச்சியின்ர மரண அறிவித்தலைக் காணேல்லை. லண்டனில இருந்தும் ஊரில இருந்தும் சனம் எடுத்துக் கேக்குது. நாளைக்கெல்லே கிரியை?"

எனக்குத் திக்கென்றது. இரண்டு சங்கங்களின் இணையத்தளங்களையும் பார்த்துக்கொள்பவன் நான். மரண அறிவித்தல் வந்தால் சனம் ஒரேயடியாகக் குவியும், சேர்வர் திணறும். அதனால் அன்று மாலைதான் பின்னால் இரண்டு சேர்வர்களை வைத்து, வேலையைப் பகிர்ந்துகொடுக்க முன்னால் ஓர் இடையாள் சேர்வரை நிறுத்தியிருந்தேன். றிவேர்ஸ் புறொக்சி என்பார்கள்.

ஒரே கணினி முகவரியில் பல தளங்கள் இருக்கலாம், ஒரே வீட்டு இலக்கத்தில் மேலே ஒரு குடும்பமும் பேஸ்மென்றில் ஒரு குடும்பமும் இருப்பதுபோல. எந்தத் தளம் வேண்டும் என்பதை பிறவுசர் 'ஹோஸ்ற்' என்ற வரியில் எழுதி அனுப்பும். 1997 தையில் வெளிவந்த எச்.ரி.ரி.பி. 1.1 விதிமுறை இந்த வரியைக் கட்டாயமாக்கியது.

இடையாள் வந்த கோரிக்கையை அப்படியே தள்ளிவிடுவதில்லை. தானே புதிதாக ஒன்று எழுதிப் பின்னுக்கு அனுப்பும். நான் பாவித்த என்ஜின்-எக்ஸ், வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வாசகர் கேட்ட பெயரை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் சேர்வர் கூட்டத்துக்கு நாங்கள் வைத்த பெயரை ஹோஸ்ற் வரியில் எழுதிவிடும். அந்தப் பெயரில் தளம் எதுவும் இல்லாததால் பின்னால் நிற்கும் சேர்வர் தன் பட்டியலில் முதலாவதாக உள்ள தளத்தை எடுத்துக் கொடுக்கும். எங்கள் பட்டியலில் முதலாவது பழைய மாணவர் சங்கம்.

இது எனக்குத் தெரியாததல்ல. கேட்ட பெயரையே அனுப்பு என்ற வரியையும் எழுதியிருந்தேன். பிறகு ஏன்?

இடையாளை விலக்கி, ஹோஸ்ற் வரியில் ஊர்ச் சங்கத்தின் பெயரை வைத்து இரண்டு சேர்வர்களையும் நேரே கேட்டுப் பார்த்தேன். இரண்டும் அறிவித்தலைச் சரியாகத் தந்தன. ஆகவே பிழை இடையில்தான். வந்து சேரும் ஹோஸ்ற் பெயரைப் பதிவேட்டில் எழுதவைத்துப் பார்த்தேன். நான் கூட்டத்துக்கு வைத்த பெயர்தான் வந்துகொண்டிருந்தது.

நடுச்சாமம் கடந்துதான் பிடிபட்டது. ஹோஸ்ற் வரியை மேல்மட்டத்தில் எழுதிவிட்டு, உட்பிரிவில் வாசகரின் ஐ.பி. முகவரியை அனுப்ப இன்னொரு 'புறொக்சி செற் ஹெடர்' வரி சேர்த்திருந்தேன். உட்பிரிவில் அப்படி ஒரு வரி இருந்தாலே மேலே எழுதிய அந்த வகை வரிகள் அங்கே செல்லாது. ஹோஸ்ற் வரியை உள்ளேயும் எழுதினேன். ஆச்சியின் படம் வந்தது.

அன்று எனக்கு நித்திரை வரவில்லை. 1990களில் சென்ற் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடி வீட்டில் ஆறு பேர் இருந்தோம். அம்மாவின் கடிதம் வன்னியிலிருந்து யாராவது கையில் கொழும்புக்கு வரும். அங்கே ஓர் உறவினர் புது உறையில் போட்டு அனுப்புவார். ஒருமுறை உறையில் என் பெயரை விட்டு, வீட்டை வாடகைக்கு எடுத்தவரின் பெயரை மட்டும் எழுதிவிட்டார். அவரோ வேலைக்காக மொன்றியல் போயிருந்தார். கடிதம் பிரிக்காமல் இரண்டு மாதம் மேசையில் கிடந்தது. அப்பா மோசம்போன செய்தி அதற்குள் இருந்தது. நான் தினமும் அந்த மேசையில்தான் சாப்பிட்டேன்.

இந்த வேலை பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இடையாளை நிறுத்தினால், பின்னால் உள்ள எல்லாத் தளங்களையும் பெயர் பெயராக வெளியிலிருந்து திறந்து பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள். நான் அன்று மாலை பழைய மாணவர் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழும்பிவிட்டேன்.