தேங்காய்க் குழம்பு

தமிழில் உணவு வகைகளுக்கு வழங்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். அவற்றுள் பல, பொருளின் பெயர்கள் அல்ல, தொழிலின் பெயர்கள். வற்றுதலாகிய தொழிலின் பெயர், வற்றிய காய்க்கு ஆகி வருவதால் 'வற்றல்' என்பது தொழிலாகுபெயர் என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். பொங்கல், அவியல், பொரியல், வறுவல், துவையல் என்பனவும் அவ்வினத்தைச் சேர்ந்தனவே. கூட்டி ஆக்குவது கூட்டு. குழம்பி வருவது குழம்பு. உண்ணும் பொருளுக்குப் பெயரிட்ட நம் முன்னோர், அதனை ஆக்கிய கையின் வேலையை மறவாமல் பெயரிட்டனர்.

உண்பவர் எல்லாரும் அப்பெயர்களை அறிவர். அத்தொழில்களை அறிந்தவரோ பெரும்பாலும் வீட்டுக்கு ஒருவரே. அந்த ஒருவர் நோயுற்றால் வீட்டின் நிலை என்னாகும்?

எங்கள் ஊர் கச்சிராயபாளையம். மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, எங்கள் ஊருக்கு அருகில் அணையில் தங்கி, நெல்லும் கரும்பும் விளையும் வயல்களுக்குப் பாய்கிறது. பள்ளியில் பல்லாண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின், அறுபதைக் கடந்த நானும் என் இல்லாளும் இவ்வூரில் வாழ்ந்து வருகிறோம். மகனும் பேரனும் உடன் இருக்கின்றனர். சென்ற தை மாதத்தில் அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், ஆறு வாரம் அக்கையால் எதையும் தூக்கலாகாது என்றார். அடுக்களை என் பொறுப்பாயிற்று. மயிலத்தில் தமிழ் பயின்ற நாளில் நண்பர் நால்வர் ஓர் அறையில் தங்கி, முறைவைத்துச் சமைத்து உண்டோம். அன்று பயின்ற தொழில் இன்று கைகொடுத்தது.

அவளுக்கோ கைவலியினும் மனவலியே பெரிதாக இருந்தது. நாற்பது ஆண்டுகள் பிறருக்குப் பரிமாறியவள், பிறர் ஆக்கியதை அமர்ந்து உண்ணக் கூசினாள். நலம் கேட்க வந்த அவள் சிற்றப்பா, "மாப்பிள்ளை, ஏடு பிடித்த கையில் அகப்பையா?" என்று நகைத்தார். நான் விடை சொல்லுமுன் அவளே, "அகப்பை பிடித்தால் கற்ற எழுத்து அழிந்துவிடாது, சித்தப்பா" என்றாள். அன்றுமுதல் அவள் கூச்சம் குறைந்தது. அடுக்களை வாயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு ஆசிரியை ஆனாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேரனும் மாணவனாகச் சேர்ந்தான். முதற்பாடம் தேங்காய்க் குழம்பு.

நால்வர் உண்ணும் குழம்புக்கு வேண்டுவன சிலவே. ஒரு மூடித் தேங்காய், முருங்கைக்காய் 2, கத்தரிக்காய் 5, சின்ன வெங்காயம் 15, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 3, நெல்லிக்காய் அளவு புளி, சிறிது மஞ்சள்தூள், உப்பு. தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை.

இச்சிறு பட்டியலில் மூன்று நிலங்கள் அடங்கியுள்ளன. புளி, கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து வருவது. அது குறிஞ்சியின் கொடை. தேங்காயும் கத்தரியும் ஆற்றுப்பாய்ச்சலில் விளைந்தவை. அவை மருதத்தின் கொடை. உப்போ நெய்தலின் கொடை. 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தினர். அம்மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள மரக்காணம் உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். சங்க காலத்தில் உமணர் வண்டியிலேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்த பொருளும் இவ்வுப்பே.

மிளகாயின் வரலாறு வேறு. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னரே, போர்ச்சுகீசியரின் வாணிகத்தால் அது இந்நாட்டில் பரவிற்று. அதற்குமுன் நம் அடுக்களைக்குக் காரம் தந்தது மிளகு. மிளகைப் போல உறைக்கும் காய் ஆதலின், வந்த விருந்துக்கு 'மிளகாய்' என்று பெயரிட்டுத் தமிழர் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டனர். சங்க நூல்களில் 'கறி' என்னும் சொல்லும் மிளகைக் குறித்தது. பிற்காலத்தில் அது சமைத்த காய்க்கும் குழம்புக்கும் ஆகி, கடல் கடந்து ஆங்கிலத்திலும் புகுந்தது.

பேரன் வெங்காயம் உரித்தான். நான் தேங்காய் துருவினேன். "தெங்கின் காய் தேங்காய் ஆனது எப்படி, தாத்தா?" என்று வினவினான். தெங்கு என்பதன் முதலெழுத்து நீண்டு, ஈற்றிலுள்ள 'கு' கெட, தேங்காய் ஆயிற்று என்றேன். இந்த ஒரு சொல்லுக்காகவே பவணந்தி முனிவர் நன்னூலில் தனி நூற்பா அமைத்திருக்கிறார் என்றதும் அவன் துருவிய தேங்காயைப் புதிதாகக் கண்டவன்போல் நோக்கினான்; பின் ஒரு பிடி அள்ளி வாயில் இட்டுக்கொண்டான்.

இனிச் செய்முறை. புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்துக்கொள்ள வேண்டும். நறுக்கிய கத்தரிக்காயை நீரில் இட வேண்டும், காற்றுப்பட்டால் கறுத்துவிடும். தேங்காய், சீரகம், மிளகு, மிளகாய் ஆகியவற்றை அம்மியிலோ மிக்சியிலோ வெண்ணெய்போல் அரைத்தெடுக்க வேண்டும். சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு வெங்காயத்தை வதக்கி, காய்களை இட்டு, அவை மூழ்கும் அளவு நீர் வார்த்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து வேகவிட வேண்டும்.

இங்கே என் இல்லாள் கைகாட்டித் தடுத்தாள். "காய் வெந்தபின் புளி, புளி கொதித்தபின் தேங்காய்" என்றாள். அவள் கூறிய வரிசைக்குக் காரணம் உண்டு. புளிப்பு, காயின் திசுக்களைப் பிணைக்கும் பொருளை எளிதில் இளக விடாது. ஆதலால் புளியை முன்னே சேர்த்தால் காய் வேகத் தாமதமாகும். தேங்காய் விழுதை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதிலுள்ள புரதம் திரண்டு, எண்ணெய் பிரிந்து, குழம்பு திரிந்துவிடும். எனவே பச்சை வாடை நீங்கப் புளியைக் கொதிக்கவிட்டு, தீயைத் தணித்து, விழுதைச் சேர்த்து, ஒரு கொதி வந்தவுடன் இறக்கிவிட வேண்டும். காரணங்களை அறிவியல் நூல்கள் கூறும். வரிசையை அவள் தன் தாயிடம் கற்றாள்.

கடைசி வேலை தாளிப்பது. காய்ந்த எண்ணெயில் கடுகை இட்டேன். கடுகினுள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலை உடைக்க, அது படபடவென்று வெடித்தது. அவ்வொலி கேட்டதும் வாயிலில் இருந்தவளின் கட்டுப்போட்ட கை, தன்னையறியாமல் கறிவேப்பிலைக்காக எழுந்தது. எழுந்து, மீண்டும் மடியில் அமர்ந்தது. பேரன் அதைக் கண்டான். ஒன்றும் பேசாமல் கறிவேப்பிலையை அவள் இடக்கையில் கொடுத்து, கரண்டியை அவளருகே கொண்டுசென்றான். அவளே அதை இட்டாள். மணம் வீடெங்கும் பரவிற்று.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. இளமனைவி புகையைப் பொருட்படுத்தாது தானே சமைத்த உணவைக் கணவன் சுவைத்துப் பாராட்ட, அவள் முகம் நுட்பமாக மலர்ந்ததை அப்பாட்டுச் சொல்லும். அதில் உண்டவன் கணவன், மகிழ்ந்தவள் மனைவி. அன்று எங்கள் வீட்டில் அவள் இடக்கையில் கரண்டி பிடித்து உண்டாள். புகழ்ந்து ஒன்றும் கூறவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று தட்டை நகர்த்தினாள். இருவர் இடமும் மாறியிருந்தன, மகிழ்ச்சி மாறவில்லை.

மாணவர்களே, சமைத்தல் என்பது தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது. செய்பவர் ஆணா பெண்ணா என்றும் காட்டாது. ஆகவே அத்தொழிலைக் கற்க வயதும் இல்லை, பால் வேறுபாடும் இல்லை. ஒரு குழம்பாவது வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாள்தோறும் உங்களுக்கு உணவிடும் கை ஒருநாள் ஓய்ந்திருக்கும்போது, அவரை அமரவைத்து உங்கள் கையால் உணவு பரிமாறுங்கள்.