அவனுக்குக் கேட்ட குரல்கள்

இருபது வருடத்துக்கு மேலாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்றுவிட்டேன். அடித்ததற்காகவும் பேசியதற்காகவும் மனம் வருந்திய பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவனிடம் கேட்டே எழுதுகிறேன். "பேரைப் போடாதேங்கோ சேர். மற்றதை எழுதுங்கோ, ஆருக்கெண்டாலும் உதவும்" என்றான்.

கணக்கில் கெட்டிக்காரன். நான் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். பதினேழு வயதில் மெல்ல மெல்ல மாறினான். முன் வாங்கிலிருந்து கடைசி வாங்குக்குப் போனான். கொப்பியில் திகதி மட்டும் இருக்கும். குளிப்பதில்லை. சில வேளை தனக்குள் சிரிப்பான், சில வேளை யன்னலைப் பார்த்துத் திடுக்கிடுவான். நான் பிரம்பை எடுக்கவில்லை. அதனால் என்னை நல்ல வாத்தியார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பிரம்பைவிட நீளமான நாக்கு எனக்கு இருந்தது. "சோம்பேறி! உன்ர மூளை எங்கையடா போட்டுது?" என்று முழு வகுப்புக்கும் முன்னால் கேட்டேன். ஒரு நாள் அல்ல, பல நாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடம் வருவதையே நிறுத்திவிட்டான்.

எங்கள் கரம்பொன்னில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். செய்வினை என்றார் ஒருவர். கிணற்றடியில் எதையோ கண்டு பயந்துவிட்டான் என்றார் இன்னொருவர். யாரோ ஒரு பெட்டை ஏமாற்றிவிட்டாள் என்றார்கள் இளைஞர்கள். இடப்பெயர்வும் குண்டும் பார்த்த குடும்பம், அதுதான் விசராக வந்திருக்கிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள். தகப்பன் இல்லாத வீடு. தாய் நூல் கட்டினாள், தண்ணீர் ஓதுவித்தாள், நேர்த்தி வைத்தாள். எந்தச் சமயத்தின் வாசலையும் அவள் விடவில்லை. நான் அதைக் கேலி செய்யமாட்டேன். வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைக்குப் படிப்பித்த நானும் சொல்லவில்லை. இப்படியே ஒன்றரை வருடம் போயிற்று.

ஓர் இரவு அவன் கடலை நோக்கி ஓடினான். மீன்பிடிக்கப் போன இருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் ஊர்க் குடும்பநல மாதுதான் தாயிடம், "இது வருத்தம் அம்மா, மருந்து இருக்குது" என்றார். கூடப்போக ஆண்துணை இல்லையென்று தாய் என்னிடம் வந்து நின்றாள். பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். வழி முழுக்க அவன் காதைப் பொத்திக்கொண்டே இருந்தான்.

மருத்துவர் குளிசை எழுதினார். பிறகு ஓர் இளம் பெண் அவனைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். சிகிச்சை உளவியலாளர் என்றார்கள். நம் நாட்டில் அந்தத் தொழிலில் இருப்போர் மிகக் குறைவு. அன்று அவர் அங்கே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவனுடைய சம்மதத்தோடு என்னையும் இருக்கவிட்டார். "அப்படியொரு குரலும் இல்லைத் தம்பி, எல்லாம் உன்ர கற்பனை" என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "ஓம், ஓம்" என்று தலையாட்டவும் இல்லை. "எத்தினை குரல் தம்பி? ஆணோ, பெண்ணோ? தெரிஞ்ச ஆக்களின்ர குரல் மாதிரி இருக்குதோ? எந்த நேரம் கூடக் கேக்குது? அப்ப நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த ஒன்றரை வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் வாயில் வராத கேள்விகள் அவை. அவன் காதிலிருந்து கையை எடுத்தான்.

அதன்பின் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். சைக்கோசிஸ் என்பது, உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியும் ஆற்றல் குலைந்துபோகும் நிலை. மனச்சிதைவு நோய் அதில் ஒரு வகை. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு அது உண்டென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யுத்தம் நடந்த நாட்டிலும் உண்டு, நடக்காத நாட்டிலும் உண்டு. பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும். அதாவது, முதலில் அதைக் காணக்கூடியவர்களில் ஒருவர் ஆசிரியர். சிகிச்சை தாமதமாகத் தாமதமாகத் தேறுவது கடினம் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஒன்றரை வருடத்தில் என் பங்கு எவ்வளவு என்று நான் கணக்குப் பார்க்காத நாள் இல்லை.

1952 இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசினை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே குளிசையின் காலம் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மருத்துவர், நெடுங்காலம் பொய்யான நம்பிக்கையொன்றில் சிக்கியிருந்த ஒருவரோடு பொறுமையாகப் பேசிப்பேசியே அதைத் தளர்த்தியதைப் பற்றி எழுதினார். குளிசை குரலின் சத்தத்தைக் குறைக்கும். குறைந்த சத்தத்தோடு எப்படி வாழ்வது என்பதற்குப் பேச்சு உதவும். இரண்டும் வேண்டும்.

கடலுக்கு அப்பால், சென்னையில், டாக்டர் சாரதா மேனன் 1984 இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்கார்ஃப் என்றால் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே கிளினிக்காக்கி அனுப்பியவர்கள் அவர்கள். நோயாளி வரமுடியாவிட்டால் வைத்தியம் போகட்டும் என்பது எங்கள் தீவுகளுக்கும் பொருந்தும். அந்நிறுவனத்தின் பத்மாவதி முதலியோரும் அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மனும் செய்த ஓர் ஆய்வு 2015 இல் வெளிவந்தது. கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் இடத்துக்கு 20 பேராகத் தேர்ந்து, கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்தார்கள். அமெரிக்கர் பலருக்கு அது முகம் தெரியாத வன்முறைக் குரல். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உறவினரின் குரல். குளி, சமை, வேலையைச் செய் என்று ஏவும் குரல், ஏசும் குரல், சில வேளை ஆறுதல் சொல்லும் குரல். நம் நோயும் நம் வீட்டுப் பாஷையில்தான் பேசுகிறது.

இன்னொன்றும் வாசித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் மீளுகிறது என்று லண்டனில் ஜோர்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆராய்ந்தார்கள். ஓயாத குறைகூறலும் வெறுப்பும் அளவுமீறிய தலையீடும் உள்ள வீட்டுக்குப் போனவர்களிடம் நோய் கூடுதலாக மீண்டது. 1987 இல் வெளியான சண்டிகர் ஆய்வில், அங்குள்ள குடும்பங்களில் இந்தப் போக்கு லண்டனைவிடக் குறைவாக இருந்தது. ஏச்சினால் இந்த நோய் வருவதில்லை. ஆனால் வந்த நோய்க்கு ஏச்சு விறகாகிறது. எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் 'பேசுவது' என்றால் கதைப்பதும்தான், ஏசுவதும்தான். அவனோடு நான் பேசிய பேச்சு எது?

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு ஏர்வாடியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலங்கையிலிருந்தும் கடல் கடந்து நேர்த்திக்குப் போனவர்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே தனியார் நடத்திய காப்பகமொன்றில் தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. அதற்குத் தர்காவைக் குறைசொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் வேறு வழி காணாத தாய்மாரும் அண்ணன்மாரும்தான். அந்த மரணங்களுக்குப் பிறகுதான் பலரின் கண் திறந்தது. சங்கிலியிடுவதை இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் தடைசெய்தது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவிலும் பிறகு ஏர்வாடியிலும் 'தவா', 'துஆ' இரண்டையும் சேர்த்துத் தரும் ஏற்பாடுகள் வந்தன. துஆவுக்கு வந்தவரை விரட்டாமல் அதே இடத்தில் மருந்தும் கொடுப்பது.

இது புதிய யோசனையும் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அபூ ஸைத் அல்-பல்கீ உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். சுல்தான் கலாவூன் 1284-85 இல் கெய்ரோவில் கட்டிய மாரிஸ்தானில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. காய்ச்சல்காரனுக்குப் பக்கத்திலேயே அவனுக்கும் கட்டில் போட்ட நாகரிகம் அது. நாம் எந்த இடத்தில் அந்த வழியை விட்டு விலகினோம்?

அவன் இப்போது ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்கிறான். மாதம் தவறாமல் கிளினிக் போகிறான். குரல் முற்றாக நிற்கவில்லை. "வரும் சேர். ஆனா வந்தா என்ன செய்யிறதெண்டு தெரியும்" என்கிறான். போன வருடம் என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, நெடுநாள் மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "அந்தக் குரலெல்லாம் ஆர்ரையடா தம்பி?"

பம்பை நிறுத்தினான். "ஒண்டு அப்பான்ர. ஒண்டு ஆரெண்டு தெரியாது." கொஞ்சம் தயங்கினான். "மற்றது உங்கட குரல் சேர். மூளை எங்கையடா போட்டுதெண்டு கேக்கும்."

எனக்கு வாய் வரவில்லை. அவனே தொடர்ந்தான்: "அது நீங்கள் இல்லையெண்டு இப்ப தெரியும் சேர். அந்த மிஸ் சொல்லித் தந்தவ."

அது நான்தான் என்று எனக்குத் தெரியும். "மன்னிச்சுக்கொள் தம்பி" என்றேன். அவன் குனிந்து மறுபடி காற்றடித்தான்.

இப்போது என் வகுப்பில் ஒரு பிள்ளை கடைசி வாங்குக்குப் போனால், நான் பலகையடியிலிருந்து கத்துவதில்லை. இடைவேளையில் அந்த வாங்கில் போய்ப் பக்கத்தில் இருக்கிறேன். "என்னப்பன், சுகமில்லையோ?" என்று கேட்கிறேன். அநேகமாகக் காரணம் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்கிறேன்.